அம்மா, பெரியம்மாவோடு பாங்காக்: எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்?

அஸ்தம்பட்டிக்காரி:

தை கடைசியில் அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் பாங்காக், பட்டாயா போகிறோம். டூர்க்காரர்கள் யாரும் கிடையாது, டிக்கெட்டும் ஓட்டலும் நானே போட்டுவிட்டேன், பெங்களூரில் ஏறினால் நேராக பாங்காக். அம்மாவும் பெரியம்மாவும் இதுவரை போன அதிகபட்ச தூரம் காசி. அதுவும் கோயில் குரூப்போடு, சமையல்காரர் முதற்கொண்டு கூடவே வந்த பயணம்.

டிக்கெட் போட்ட அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாமா "பொம்பளைங்க மூணு பேரு தனியா, அதுவும் அந்த ஊருக்கா" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு அண்ணன் ஒரு படி மேலே போய், மயக்க மருந்து கொடுத்துக் கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று ஏதோ வீடியோவைக் காட்ட, பெரியம்மா இப்போது "எனக்கு மூட்டுவலி, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்கிறார். முந்தாநாள் வரை அந்த மூட்டுவலி இல்லை.

அங்கே உண்மையில் நடப்பது எது, சும்மா கிளப்பிவிடுவது எது என்று தெரிந்தால் போதும். விமானம் நள்ளிரவுக்கு மேல் இறங்குகிறது, அந்த நேரத்தில் டாக்சியில் போகலாமா? பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்துக்கொண்டு சுற்ற வேண்டுமா, ஓட்டலில் வைத்துவிட்டுப் போகலாமா? பணத்தை எப்படிக் கொண்டு போவது? அப்புறம் பெரிய பஞ்சாயத்து ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார். எட்டு பவுன். அப்பா கடையை விட்டு வரவும் மாட்டார், "கழுத்துல போட்டதை எதுக்குக் கழட்டணும்" என்று ஏற்றியும் விடுகிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து "கவனமா இருங்க" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.


ஐந்து ரோடு:

கிட்னியை எல்லாம் எவனும் தொட மாட்டான். பர்ஸை வேண்டுமானால் அடிப்பான், அதுவும் ஆடிப் பண்டிகை அன்றைக்குக் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அடிக்கிற அளவுக்கு இருக்காது. பெரியம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க சொல்லிக்காட்டுவார்.


சூரமங்கலம் டூ சீலோம்:

வேலைக்காக பாங்காக் வந்து செட்டில் ஆனவள் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாங்காக்கில் ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் தனியாக ரயிலில் போவதும், தெருவோரக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் சர்வ சாதாரணம். வழிமறித்துக் கத்தி காட்டிப் பிடுங்குவது அபூர்வம். இங்கே ஆபத்து சிரித்துக்கொண்டே வரும். நீங்களாகவே மனமுவந்து பணத்தை எடுத்து நீட்டுகிற மாதிரி பேசுவார்கள்.

சித்தப்பா குடும்பம் வந்திருந்தபோது நடந்ததைச் சொன்னால் புரியும். பாங்காக் அரச அரண்மனை (கிராண்ட் பேலஸ்) மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம், நான் குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு பத்தடி பின்னால். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் நாடாவில் தொங்கும் அடையாள அட்டை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சித்தப்பாவிடம் வந்து "ஃப்ரம் இந்தியா? வெல்கம் சார்" என்றார். இன்றைக்கு பிக்குகளின் பூஜை, அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும் என்றார். சித்தப்பா கையிலிருந்த வரைபடத்தை அவரே வாங்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டார். அதுவரை இதைப் பார்த்துவிட்டு வாருங்கள், இன்று அரசாங்கச் சலுகை, டுக்டுக்குக்கு (இந்த ஊர் ஆட்டோ) மூன்று இடத்துக்கும் சேர்த்து நாற்பது பாட்தான் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) என்று கையைத் தட்டினார். அதற்காகவே காத்திருந்த டுக்டுக் ஒன்று வந்து நின்றது. சித்தி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் தாய் மொழியில் ஒரு வார்த்தைதான் கேட்டேன், அந்த ஆள் எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்த்து நடந்துவிட்டார். கோபமே இல்லை, வெட்கமும் இல்லை. அரண்மனை வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம், திறந்துதான் இருந்தது. வழக்கமாகக் காலை எட்டரை முதல் மதியம் மூன்றரை வரை பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். அரச குடும்ப நிகழ்ச்சி இருந்தால் மூடுவது உண்டு, அதை வாசலில் இருக்கும் காவலரிடமோ டிக்கெட் கவுண்டரிலோ கேளுங்கள், தெருவில் நிற்பவரிடம் வேண்டாம்.

அந்த மூன்று வட்டத்தில் ஒன்று சின்ன புத்தர் கோயில், ஒன்று ரத்தினக் கடை, இன்னொன்று கோட்டு சூட்டு தைக்கும் கடை. உங்களைக் கடைக்குள் கொண்டுபோய் விட்டால் டுக்டுக்காரருக்குக் கமிஷனோ எரிபொருள் கூப்பனோ கிடைக்கும், நாற்பது பாட்டில் ஊர் சுற்றிக்காட்ட முடிவது அதனால்தான். கோயிலில் தற்செயலாக வந்தது போல் ஒருவர் உட்கார்ந்திருப்பார், தானும் சுற்றுலா வந்தவன்தான், நேற்று நீலக்கல் வாங்கினேன், ஊரில் இரண்டு மடங்குக்கு விற்கலாம், வரிச்சலுகை இன்றோடு முடிகிறது என்பார். மூன்று பேரும் ஒரே கூட்டம். பல பத்தாண்டுகளாக வசனம்கூட மாறாமல் ஓடுகிறது.

ஆகவே ஒன்றை மட்டும் அம்மா, பெரியம்மா இருவர் மனதிலும் பதிய வையுங்கள். நாம் போய்ப் பேசினால் சரி, அவர்களாக வந்து பேசினால் சிரித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். வழி தெரியாவிட்டால் கடைக்குள் இருப்பவர், ரயில் நிலைய ஊழியர், ஓட்டல் வரவேற்பில் இருப்பவர் என்று ஆளைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்கட்டும்.

நள்ளிரவு டாக்சி பற்றி: சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் "டாக்சி மேடம்" என்று வருகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் தரைத்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே மெஷினில் சீட்டு எடுத்தால் எந்த எண் தடத்தில் உங்கள் வண்டி நிற்கிறது என்று வரும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச்சாலை சுங்கம் தனி. அந்தச் சீட்டில் வண்டி விவரம் இருக்கும், ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தகராறு என்றால் அதுதான் சாட்சி. ஊருக்குள் மீட்டர் போட மாட்டேன் என்கிற டாக்சியில் ஏற வேண்டாம், கிராப், போல்ட் என்ற இரண்டு டாக்சி ஆப்பும் இங்கே ஓடுகிறது. ஓட்டல் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் போனில் வைத்திருங்கள், ராத்திரியில் ஆங்கிலம் தெரியாத ஓட்டுநர்தான் கிடைப்பார்.

பாஸ்போர்ட் ஓட்டல் அறை லாக்கரில் இருக்கட்டும். முதல் பக்கத்தையும் இங்கே முத்திரை குத்திய பக்கத்தையும் போட்டோ எடுத்து மூன்று பேர் போனிலும், ஊரில் அப்பா போனிலும் போட்டுவிடுங்கள். பணம் மாற்றப் போகும் நாளில் மட்டும் அசல் வேண்டும், கடையில் கேட்பார்கள். தொலைந்தே போனால் முதலில் போலீஸ் புகார், அப்புறம் சுகும்வித் சாலை 23வது சோயில் (சந்தில்) இருக்கும் இந்தியத் தூதரகம்.

சுற்றுலா போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669.

கிளம்பும் முன் ஒரு வேலை உண்டு. 2025 மே முதல் தாய்லாந்துக்கு வருகிற வெளிநாட்டவர் எல்லோரும் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும், அசல் தளத்தின் முகவரி go.th என்று முடியும். ஏமாற்று இங்கே வருவதற்கு முன்பே, உங்கள் வீட்டு சோபாவிலேயே ஆரம்பித்துவிடுகிறது.


ஏற்காடு வண்டிக்காரன்:

நான் வெளிநாடெல்லாம் போனதில்லை. ஆனால் சுற்றுலா வருகிறவர்களை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு, அதனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன், தங்கச்சி.

மேலே அந்த அக்கா சொன்ன அரண்மனைக் கதை எங்கள் மலையிலும் சின்ன அளவில் உண்டு. லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் முழுக்கப் பனி, ஒன்றும் தெரியாது, வாருங்கள் மிளகுத் தோட்டம் காட்டுகிறேன் என்று சொல்லி நேராகத் தேன், காபித்தூள் விற்கிற கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் பில்லில் இத்தனை சதவீதம் என்று வண்டிக்காரர் கையில் வைத்துவிடுவார். பனி உண்மையாகவே இருக்கும் நாளும் உண்டு என்பதால் பொய் எது மெய் எது என்று வருகிறவருக்குத் தெரியாது, அங்கேதான் சூட்சுமம்.

யாரைப் பிடிக்கலாம் என்று எப்படித் தெரிகிறது என்றால், ஏரிப் பக்கம் வண்டியை விட்டு இறங்கியதும் நடுவழியில் நிற்பார்கள். போனைப் பார்ப்பார்கள், தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்ப்பார்கள், மறுபடி போன். வீட்டுக்காரர் ஒரு பக்கம் கை காட்டுவார், அந்தம்மா இன்னொரு பக்கம் காட்டுவார். அவ்வளவுதான், நாலு பேர் ஓடுவார்கள். அதே ஆட்கள் நேராகப் போய் டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, அங்கே வைத்து மேப் பார்த்தால் யாரும் கிட்டே வரமாட்டான். நீங்களும் அறைக்குள்ளேயே வழியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். தெருவில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஏதாவது கடைக்குள் ஏறிவிடுங்கள்.

இன்னொன்று. எது ஆனாலும் ஏறுவதற்கு முன் விலை. "அப்புறம் பார்த்துக்கலாம் சார், உங்களுக்குத் தெரியாதா" என்று ஒரு வண்டிக்காரன் சொன்னால், அவன் அப்புறம் நன்றாகப் பார்த்துக்கொள்வான். மொழி தெரியாத ஊரில் போன் கால்குலேட்டரில் எண்ணை அடித்துக் காட்டி, ஆளுக்கா வண்டிக்கா, போகவா போய்வரவா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.


குகைத் தறிக்காரன்:

எல்லாம் சரிதான், ஆனால் தானாக வந்து பேசுகிறவன் எல்லாம் திருடன் என்கிற மாதிரி போகிறது பேச்சு, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் போனபோது படகுத்துறையில் எந்தப் படகு என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி தானாகவே வந்து, ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. அந்த ஊர் ஜனங்கள் தங்கமானவர்கள். எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே சுற்றினால் எதற்கு இவ்வளவு செலவு செய்து போக வேண்டும், வீட்டிலேயே இருக்கலாமே.


சூரமங்கலம் டூ சீலோம்:

குகை அண்ணன் சொல்வது நியாயம், என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். அந்தப் பெண் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள் இல்லையா, அங்கேதான் வித்தியாசம். உதவி செய்கிறவர் வழியைக் காட்டிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போவார். மற்றவன் கூடவே வருவான், வண்டியைக் கூப்பிடுவான், நீங்கள் போக நினைத்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குத் திருப்புவான், இன்றோடு முடிகிறது என்று அவசரப்படுத்துவான். திட்டத்தை மாற்றச் சொன்னால் கிளம்பிவிடுங்கள், வழி மட்டும் சொன்னால் ஒரு "கோப் குன் கா" (நன்றி) சொல்லிவிட்டுப் போங்கள்.


அஸ்தம்பட்டிக்காரி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. டுக்டுக் கதையை பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா, இதை நம்ம மார்க்கெட்லயே பாத்திருக்கேனே" என்றார், மூட்டுவலி பாதி குணம். தாலிக்கொடி மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அப்புறம் மாத்திரைகள். அம்மாவுக்கு சுகர், பிரஷர், பெரியம்மாவுக்குக் கூடவே ஒரு வலி மாத்திரை.


செவ்வாய்பேட்டை வெள்ளி:

தொழில் நிமித்தம் பாங்காக் நகைக் கண்காட்சிக்குப் போய்வருகிறவன். அந்த ரத்தினக் கடை விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் ஊரில் கொலுசு வாங்குகிறவனே டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் டெஸ்டிங்கில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுகிறான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய், கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாமல், கடைக்காரன் கொடுக்கிற காகிதத்தை நம்பி லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் கல் கண்ணாடியாக இருக்காது, அசல் நீலக்கல்லாகவே இருக்கும், ஆனால் மட்டமான ரகம், பத்து மடங்கு விலை. கொண்டுவந்து விற்கப் போனால்தான் தெரியும். லாபத்துக்கு விற்கலாம் என்று கல் விற்கிறவனே சொன்னால், அந்த லாபத்தை அவன் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்டாலே போதும்.

தாலிக்கொடிக்கு வருகிறேன். தாய்லாந்துக்காரர்களும் தங்கப் பைத்தியம்தான், பாங்காக் சைனாடவுனின் யாவ்வராட் தெருவில் சிவப்பு அலங்காரத்தோடு வரிசையாக நகைக்கடைகள், அவர்கள் நகை 96.5 சதவீதம் சுத்தம், நம் 22 காரட்டை விடக் கூடுதல். ஆகவே கழுத்தில் தங்கம் இருப்பது அங்கே அதிசயமில்லை. ஆனால் பைக்கில் வந்து பையையோ செயினையோ அறுத்துக்கொண்டு போவது அங்கேயும் உண்டு. எட்டு பவுன் கொடி புடவைக்கு மேல் ஊசலாடக் கூடாது. என் வீட்டில் செய்வது, திருமாங்கல்யத்தை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை பேங்க் லாக்கரில் வைத்துவிடுவது. கயிற்றில் தாலி கட்டுவதுதானே நம் வழக்கம், கொடி பின்னால் வந்தது, அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் கழுத்து மூடிய சுடிதார், உள்பக்கம் ஊக்கு, பையை வீதிப் பக்கம் மாட்டாமல் கடைப் பக்கத் தோளில்.

போட்டுக்கொண்டுதான் போவார் என்றால் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, பல பேர் செய்வதில்லை. பெங்களூரில் கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் நகையைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. கடை பில், எடையோடு எடுத்த போட்டோ கையில் இருந்தால் வேலை சுலபம். அதற்காக விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போக வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று, திரும்பி வரும்போது. பாங்காக் விமான நிலைய வரிசையில் யாராவது தமிழில் பேசிக்கொண்டே வந்து, "அக்கா, எனக்கு வெயிட் ஓவர் ஆயிடுச்சு, இந்த சாக்லேட் டப்பா மட்டும் வெச்சுக்கங்க, வெளிய வந்து வாங்கிக்கிறேன்" என்பார்கள். அந்நிய ஊரில் தமிழ்க்குரல் கேட்டால் மனசு இளகிவிடும், அதிலும் வயசானவர்களுக்கு. குருவிகளுக்கு, அதாவது பெட்டியில் வைத்துச் சரக்குக் கடத்துகிறவர்களுக்கு, அது தெரியும். தங்கம், அரிய வகைப் பல்லி பாம்பு, இப்போது ஹைட்ரோபோனிக் கஞ்சா என்று பாங்காக்கில் இருந்து வரும் பெட்டிகளில் பிடிபடுவது பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் வழக்கு. சாக்லேட் டப்பா ஆனாலும் சாமி பிரசாதம் ஆனாலும் வாங்க வேண்டாம்.


சூரமங்கலம் டூ சீலோம்:

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவராதீர்கள். அதே அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில். சுகர், பிரஷர் மாத்திரைகளுக்குப் பிரச்சினை இல்லை. வலி மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா, இருமல் மருந்தில் கோடின் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இரண்டும் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. இருந்தால் டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

பணத்துக்கு: ரூபாய்க்கு இங்கே நல்ல விலை கிடைக்காது, டாலராகக் கொஞ்சம், மீதி கார்டில். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் சில்லறையாக எடுக்காதீர்கள். திரையில் ரூபாயில் மாற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விலை மோசம். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கித்தான் வைத்திருப்பார்கள், கிளம்பும் முன் வங்கி ஆப்பில் திறந்து, கூடவே ஒரு வரம்பும் போட்டுவிடுங்கள். இந்திய சிம்மில் ரோமிங் போடாவிட்டால் ஓடிபி வராது, அது வராமல் நடுத்தெருவில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரண்மனைக்குப் புடவையோ சுடிதாரோ சரியாக இருக்கும், கையில்லாத சட்டைதான் ஆகாது. பிக்குகள் மேல் பெண்கள் கை படக்கூடாது, ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். அரச குடும்பத்தைப் பற்றித் தமிழில்கூட விமர்சனம் வேண்டாம், இங்கே அது 3 முதல் 15 வருஷம் வரை சிறைக்குப் போகிற குற்றம். மாமா வீடியோ காலில் வந்தால் அவரையும் எச்சரித்து வையுங்கள்.

பாங்காக்கின் சீலோம் பகுதியில் 1879ல் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பெரியம்மாவை முதல் நாளே அங்கே கூட்டிப்போங்கள், கோபுரத்தைப் பார்த்ததும் தைரியம் வந்துவிடும்.


அயோத்தியாப்பட்டணம் பாய்ஸ்:

அக்கா, இதே திரியில் கேட்டுக்கிறோம். நாங்க ஃப்ரெண்ட்ஸ் பட்டாயா போறோம். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா, ஜெட் ஸ்கீ சேஃபா?


ஏற்காடு வண்டிக்காரன்:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருகிற பசங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது, அதனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அக்கா சொல்லட்டும்.


சூரமங்கலம் டூ சீலோம்:

நம்மைப் போல இடது பக்கம்தான் இங்கேயும் ஓட்டுவார்கள், அதில்தான் பலரும் துணிந்துவிடுகிறார்கள். நம் லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும், அதில் இருசக்கர வாகனமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும், தனியார் ஆஸ்பத்திரி பில்லை ஊரில் இருந்து அப்பா கட்ட வேண்டியிருக்கும். பட்டாயாவில் பாட் பஸ் இருக்கிறது, பின்பக்கம் இரண்டு பெஞ்ச் போட்ட வண்டி. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் ஏறி, மணியை அழுத்தி இறங்கி, சில்லறையைக் கொடுத்தால் முடிந்தது. காலியாக நிற்கும் வண்டியில் ஏறி எவ்வளவு என்று கேட்டால் தனி வாடகை ஆகிவிடும்.

ஜெட் ஸ்கீ எடுத்தே தீருவோம் என்றால் கடற்கரையில் வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள். திரும்பி வந்ததும் பழைய கீறலைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்பதும், நாலு பேர் சுற்றி நிற்பதும் இங்கே பிரசித்தம். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். தகராறு முற்றினால் சண்டை போடாமல் 1155. ராத்திரி தெருவில் அட்டையைக் காட்டி, மாடியில் ஷோ, நுழைவு இலவசம் என்பவன் பின்னால் படியேற வேண்டாம், இறங்கும்போது பில் வரும், வாசலில் ஆள் நிற்கும். வேப் சிகரெட் கொண்டுபோகாதீர்கள், இங்கே தடை. கஞ்சா கடைகளைப் பார்த்துவிட்டு எல்லாம் சட்டப்படிதான் என்று நினைக்காதீர்கள், 2025 ஜூனில் இருந்து மருத்துவச் சீட்டு இல்லாமல் கிடையாது, ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று செவ்வாய்பேட்டை அண்ணன் மேலே எழுதிவிட்டார்.


ஓமலூர் பக்கம்:

சுற்றுலாக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். தாய்லாந்து பற்றித் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம், தங்க இடம், சாப்பாடு இலவசம் என்கிறார். சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கிவிட்டால் வேலை விசா அங்கேயே மாற்றிக்கொள்ளலாமாம். ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். இன்டர்வியூ வாட்ஸாப்பில் பத்து நிமிஷம், டைப்பிங் வேகம் மட்டும் கேட்டார்கள்.


சூரமங்கலம் டூ சீலோம்:

ஓமலூர் அண்ணா, தம்பியை அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரியும் அப்படியே அந்தக் கதைதான். பாங்காக்கில் இறக்கி, காரில் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக மேற்கு எல்லையில் மே சோட் ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. வேலிக்குள் அடைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைனில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்வார்கள். மறுத்தால் அடி. வெளியே விட வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம். 2022ல் நம் தமிழ்நாட்டுப் பையன்களே பலர் மாட்டி, மீட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானம் மே சோட்டுக்கு வந்து 500 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனது.

சுற்றுலா வந்தவர் வேலை செய்வது இங்கே குற்றம். முறையான கம்பெனி என்றால் அதற்குரிய விசாவுக்கு அவர்களே காகிதம் அனுப்பி, ஊரிலேயே எடுக்க வைப்பார்கள், ஒர்க் பர்மிட்டும் அவர்கள் பொறுப்பு. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். பெயர் அதில் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். கம்பெனி பெயரும் அலுவலக முகவரியும் எழுத்தில் கேளுங்கள், பாங்காக்குக்குள் என்றால் சனிக்கிழமை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தம்பி பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது?


ஓமலூர் பக்கம்:

ஏஜெண்ட்டிடம்தான். டிக்கெட் போட வேண்டும் என்று போன வாரம் வாங்கிப் போனார்.


ஏற்காடு வண்டிக்காரன்:

டிக்கெட் போட பாஸ்போர்ட் நம்பர் போதுமே, புத்தகம் எதற்கு? விடிந்ததும் நேரில் போங்கள் அண்ணா, போனில் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்பான். கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுக்க மறுத்தால் அங்கிருந்து நேராக ஸ்டேஷன்.